ஆரணியின் இரண்டு பிரம்புகள்

தம்பி,

ஆரணியின் பழைய பிரம்புகள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. வீட்டுச் சாமான் கட்டும்போது நீ தேடியிருப்பாய், அல்லது தேடாமலே விட்டிருப்பாய். அவள் இப்போது புதிய சோடி ஒன்றை வைத்து விளையாடுகிறாள் என்று எனக்குத் தெரியும். பழைய சோடியை உன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனவள் நான். ஊத்தை உடுப்புக் கூடைக்குள் வைத்து, மேலே உன்னுடைய வேலைச் சட்டையைப் போட்டு மூடி, களவாகத்தான் கொண்டுபோனேன். பெற்ற தாய் நான் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதமாய் நீ என்னோடு கதைக்கிறதில்லை. போனில் குரல் பதிந்து அனுப்பினால் அது கேட்கப்படாமலே கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஆரணி பதக்கம் எடுத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி ரீச்சர் கேட்டார். பேத்தியைப் பற்றிப் பெருமையாய் எழுத எனக்கு ஆசைதான். அந்தப் பெருமை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் எழுத இருந்தபோது கை இந்தக் கடிதத்தைத்தான் எழுதியது. உனக்கு மட்டும் எழுத வேண்டியதை ஏன் ஊர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று நீ கோபிப்பாய். நீ உன் மகளை அடிக்கிறவன் என்று இந்தச் சுவிஸ் நாட்டில், துன் ஊரில் இருக்கிற எங்கட சனம் நம்புகிறது. உனக்கு மட்டும் எழுதினால் அது மாறாது. மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்கோ மாமி" என்றாள். ஆரணியின் பெயரை எழுதலாமா என்று அவளையும் கேட்டேன். "போடுங்கோ அப்பம்மா, ஆனா பெரிய 'ற' போடாதேங்கோ" என்றாள். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்கு அது தேவையில்லை.

உங்கள் கட்டடத்தில் உங்கள் சலவை நாள் இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய். பன்னிரண்டு வீட்டுக்குக் கீழே ஒரு மெஷின், ஆளுக்கொரு நாள். தவறவிட்டால் இரண்டு கிழமை ஊத்தை உடுப்போடு இருக்க வேண்டும். நீ லிஃப்ட் திருத்துகிற வேலைக்கு விடியவே போய்விடுவாய், மருமகள் முதியோர் இல்லத்து வேலைக்கு. அதனால் வீட்டுத் திறப்பை என்னிடம் தந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை என்றால் நான் வந்து தோய்க்கிறது என்று வைத்திருந்தோம். போன மாரிக் குளிர் தொடங்கின நேரம், ஒரு செவ்வாய், சப்பாத்து அலுமாரிக்குப் பக்கத்தில் விழுந்த ஒரு காலுறையை எடுக்கக் கதவை இழுத்தேன். பின்னால் சுவரில் சாய்த்தபடி இரண்டு பிரம்பு நின்றது.

நான் அந்த இடத்திலேயே சப்பாத்துகளுக்கு நடுவில் இருந்துவிட்டேன். எங்கட நாட்டு வாத்திமார் வைத்திருந்த பிரம்பு சுண்டுவிரல் பருமன். இது பெருவிரலிலும் பருமன், என் கை நீளத்துக்கு இருந்தது. ஒரு நுனியில் தோல் உரிந்து நார் நாராய்ப் பிரிந்திருந்தது. அடித்துத் தேய்ந்தால்தான் பிரம்பு அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். மற்ற நுனியில், பிடிக்கிற இடத்தில், கறுப்பு நாடா சுற்றியிருந்தது. நீ வேலைக்குக் கொண்டுபோகிற, வயர் சுற்றுகிற நாடா. உன் கை சுற்றினதென்று பார்த்த உடனேயே தெரிந்தது. ஓரம் பிசகாமல், ஒன்றன்மேல் ஒன்று அரைவாசி ஏறினமாதிரிச் சுற்றுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏன் இரண்டு என்று யோசித்தேன். ஒன்று முறிந்தால் மற்றதுக்கு என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

ஏனென்றால் அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே நான் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டேன். புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லை, என்னிடம் சாப்பிட வருவாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோப்பை கழுவினபோது, முழங்கைக்குக் கீழே மூன்று இடத்தில் இரத்தம் கண்டிப்போயிருந்தது. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று புதுசு. என்ன பிள்ளை இது என்று கேட்டேன். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "ஒண்டுமில்லை அப்பம்மா, விழுந்திட்டன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நடந்தது, தம்பி. அதை விளங்கப்படுத்த முதல் உன் பத்து வயதுக்குப் போக வேண்டும். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருக்கும்.

நாங்கள் துனுக்கு வந்து ஒரு வருசம். அப்பா ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினார். சலவை நாள் என்று ஒன்று இருப்பது எனக்கு விளங்கவில்லை. மெஷின் சும்மா கிடக்கிறதே என்று உடுப்பைப் போட்டேன். அது மூன்றாம் மாடிக் கிழவியின் நாள். அவள் எங்கள் ஈர உடுப்பை அள்ளி நிலத்தில் போட்டுவிட்டு, படியில் நின்று பேசத் தொடங்கினாள். எனக்கு டொச்சில், ஜேர்மன் பாஷையில், ஒரு சொல்லும் தெரியாது. நீதான் எனக்கு வாய், நீதான் காது. அவள் கனநேரம் கத்தினாள். நீ கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, இண்டைக்கு அவவின்ர நாளாம், அடுத்த முறை கேட்டுப் போடட்டாம்" என்றாய். அவ்வளவு நேரம் கத்தினதற்கு இவ்வளவுதானா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நீ அவளிடம் ஏதோ சொன்னாய். அவள் சிரித்து உன் தலையைத் தடவிவிட்டுப் போனாள். நீயும் சிரித்தாய். என்னைச் சொல்லித்தான் சிரித்தீர்கள் என்று எனக்குப் பட்டது.

அந்தச் சலவை அறைச் சுவரில் கம்பளம் தட்டுகிற சாமான் ஒன்று தொங்கியது. இந்த நாட்டுச் சனம் அதைப் பூப்போலப் பின்னி வைத்திருப்பார்கள். பின்னியிருந்தாலும் அது பிரம்புதான். கை வைத்த உடனேயே எனக்குத் தெரிந்தது. அவிழ்ந்து தொங்கிய ஒரு கம்பை இழுத்து எடுத்தேன். உன் கெண்டைக்காலில் எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. நீ ஓடவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் நிறுத்தினபின் நிலத்தில் கிடந்த உடுப்பைப் பொறுக்கிக் கூடைக்குள் போட்டாய்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அதையும் நீதான் எனக்கு வாசித்துச் சொன்னாய். "கால்ல எப்பிடி வந்தது எண்டு ரீச்சர் கேக்கிறா அம்மா. விழுந்திட்டன் எண்டு சொல்லிட்டன்." அன்று உனக்கு முட்டை பொரித்துத் தந்தேன். இரண்டு முட்டை. சலவை அறையில் விழுந்தது முதல் அடியும் இல்லை, கடைசி அடியும் இல்லை. பிரம்பு கிடைக்காத நாளில் அகப்பைக் காம்பு. நீ என்னைவிட உயரமாய் வளர்ந்த பிறகுதான் விட்டேன். அறிவு வந்து விட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய்.

பல வருசம் கழித்து, நானும் ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்க்கிற வேலைக்குப் போய், டொச் கொஞ்சம் காதில் பிடிபட்ட பிறகுதான், அந்தக் கிழவி படியில் நின்று சொன்ன சொற்கள் என்னவென்று விளங்கின. வேலை இடத்தில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னபோது, இது எனக்குப் பழக்கமான சத்தமாய் இருக்கிறதே என்று நின்றேன். நீ அதை விழுங்கிவிட்டு எனக்கு நல்லதை மட்டும் சொல்லியிருக்கிறாய். அவளையும் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பியிருக்கிறாய். அதற்குத்தான் அடி வாங்கினாய். விளங்கின அன்றும் நான் உன்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. விரிப்பை மடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே ஆரணி "விழுந்திட்டன்" என்றபோது எனக்கு அது புதிய சொல் இல்லை. அடி வாங்கின பிள்ளை சொல்கிற சொல் என்று மனதில் பதிந்திருந்தது. பிறகு அந்தப் பிரம்புகளைக் கண்டேன், உன் நாடாவைக் கண்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். பின்னேரம் நீ வரும்வரை இருந்து, தம்பி இது என்ன என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. கேட்டால் நீ ஓம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். பிரம்பு இல்லாவிட்டால் அடி விழாது என்று கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த புதன் அவள் வந்தபோது விரல் மூட்டு இரண்டு வீங்கிக் கரண்டி பிடிக்க முடியவில்லை. நான்தான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எப்படி வந்தது என்று அந்த டொக்டர் அம்மா கேட்க, பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, விழுந்ததாகச் சொன்னாள். பிறகு அவளைக் கையைப் படம் எடுக்க மற்ற அறைக்கு அனுப்பிவிட்டு, டொக்டர் கதிரையை என் பக்கம் இழுத்து, மெதுவாய், எனக்கு விளங்குகிற டொச்சில், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டார். தமிழில் கேட்டிருந்தால் நான் சுற்றி வளைத்துக் கதைத்திருப்பேன். டொச்சில் எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மூன்று சொல் சொன்னேன். "யா" என்றேன். "ஸ்டொக்" என்றேன், தடி என்று. யார் என்று கேட்டபோது "ஃபாத்தர்" என்றேன்.

அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் உன் வீட்டுக்கு வந்தார்கள். உன்னையும் மருமகளையும் குசினியில் இருத்திவிட்டு, பிள்ளையைத் தனியே விசாரித்தார்கள். அவள் அப்போதுதான் வாய் திறந்தாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் அர்னிஸ் என்கிற தடி விளையாட்டுப் பழகுகிறாள். கைக்கொரு பிரம்பு. தலைக்குக் கவசம் உண்டு, கைக்கு உறை உண்டு, இருந்தும் பழகுகிறபோது விரலிலும் முன்னங்கையிலும் படும். வேறு மரத் தடி முறிந்தால் ஊசிபோலச் சிராயாய்த் தெறிக்கும், பிரம்பு நாராய்த்தான் பிரியும், அதனால்தான் பிரம்பு. அலுவலகத்து ஆட்கள் மண்டபத்துக்கே போய்ப் பார்த்தார்கள். அங்கே பழகுகிற எல்லாப் பிள்ளைகளின் கையிலும் அதே நிறத்தில் அதே இடத்தில் கண்டல் காயம். ஒரு மாதத்துக்குள், விசயம் முடிந்துவிட்டது என்று உனக்குக் கடிதம் வந்தது.

என்னிடம் ஏன் மறைத்தாய் என்று பிள்ளையைக் கேட்டேன். உதைபந்து விளையாடப் போனதற்கே நான் ஒரு வருசம் ஏசினேனாம். "தடி எண்டு சொன்னா நீங்கள் வீட்டை விட்டே கலைச்சிருப்பியள் அப்பம்மா. அப்பாதான் சொன்னவர், இப்போதைக்குச் சொல்லவேண்டாம் எண்டு. டொக்டருக்கு முன்னால நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள், சொல்லேலாமப் போச்சு." இதில் உன்னிலும் ஒரு பிழை உண்டு, தம்பி. வீட்டில் ஒருவருக்குப் பயந்து சின்ன விசயத்தை மறைக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்காதே. அவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்கினவளும் நான்தான் என்றால், அந்தப் பிழையையும் என் பக்கமே எழுதிக்கொள்.

அலுவலகத்து ஆட்கள் வந்துபோன அன்று நீ என் வீட்டுக்கு வந்தாய். சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாய். கையை நீட்டித் திறப்பைக் கேட்டாய், தந்தேன். பிறகு ஒன்று கேட்டாய். "அம்மா, நான் என்ர பிள்ளைக்கு அடிப்பன் எண்டு நீங்கள் எப்பிடி நினைச்சனீங்கள்?" தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். நீ போய்விட்டாய். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கை கால் எல்லாம் மரத்துப்போன மாதிரி, குளிரில் வெளியே நின்று வந்த விரல்போல, தொட்டால் யாருடைய விரலோ என்று இருக்கிறது. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், பஸ்ஸில் போகிறேன். செவ்வாய்க்கிழமை வந்தால் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையில் இருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. டொக்டரிடம் சொன்ன அதே கிழமை, கோயில் மடப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒருத்திக்கும் சொன்னேன். ஒருத்திக்குத்தான். மனப்பாரம் தாங்காமல் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தபோது எனக்குக் கொஞ்சம் சுகமாய் இருந்தது, அதையும் எழுதுகிறேன். அடுத்த மாதம், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ காரில் ஏற்றிக்கொண்டு போகிற பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராய், வேண்டாம் அண்ணை, நாங்களே கொண்டுபோறம் என்று உன்னிடம் சொல்லத் தொடங்கினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. கடைசியில் உன் காரில் ஆரணி மட்டும் இருந்தாள். மாத முடிவில் சோலோதுர்னுக்கு வீடு மாறுகிறீர்கள் என்று மருமகள்தான் எனக்குச் சொன்னாள். வேலை கிட்ட என்றாள். உன் வேலை எங்கே என்று எனக்குத் தெரியும், தம்பி.

அலுவலகம் ஒரு கடிதம் போட்டு முடித்துவிட்டது. எங்கட சனத்துக்கு யார் கடிதம் போடுவது? சொன்ன வாய்தான் போட வேண்டும்.

பதக்கத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ரீச்சர் கேட்டது அதைத்தான். ஃப்ரிபூர்க்கில் நடந்த போட்டிக்கு என்னை வரச்சொன்னது ஆரணி. உனக்குத் தெரியாமல் வரவில்லை, நீ கண்டாய். நீ கீழே முன்வரிசையில், நான் மேலே கடைசியில். அவள் கறுப்புக் கவசம் போட்டு வந்தபோது முகமே தெரியவில்லை, நடையை வைத்துத்தான் பிடித்தேன். இரண்டு பிள்ளைகளும் பிரம்பை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார்கள். பிறகு தொடங்கியது. கூரையில் கல்மழை விழுகிறமாதிரிச் சத்தம். எங்கள் பிள்ளையின் கை போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை. பின்னல் போடுகிறமாதிரி இரண்டு தடியும் ஒன்றை ஒன்று தாண்டிக்கொண்டு போகும். தோளில் ஒன்று நன்றாய் விழுந்தது. நான் எழும்பிவிட்டேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்து, உடனே திருப்பிக் கொடுத்தாள். முடிவில் இரண்டாவது இடம். அடித்தவளும் அடி வாங்கினவளும் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரியிடம் "என்ர பேத்தி" என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

பிறகு அவள் மேலே என்னிடம் வந்தாள், வியர்வை ஊற்ற. அந்த அடி நொந்ததா என்று கேட்டேன். நொந்ததுதானாம். அதற்காகவா இந்த விளையாட்டு, இவ்வளவு அடி வாங்கி என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாதாரணமாய்ச் சொன்னாள்.

"அப்பம்மா, ரெண்டு பேரிட்டயும் தடி இருக்குத்தானே."

அதைச் சொல்லிவிட்டு உன்னிடம் ஓடிவிட்டாள். நான் பஸ்ஸுக்கும் போகாமல் அந்தப் படியில் கனநேரம் இருந்தேன். சலவை அறையில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நீ அடிப்பாய் என்று நான் நினைத்தது, நான் அடித்ததால். அதைவிட வேறு ஒரு காரணமும் என்னிடம் இல்லை. நீ ஒருநாளும் பிள்ளைக்குக் கை நீட்டினதை நான் கண்டதில்லை, அவளோ மருமகளோ ஒரு முறைப்பாடு சொன்னதில்லை. என்னிடம் வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான் என்றுதான் நினைத்தேன். நீ வேறு மாதிரி இருக்கிறாய். அதை நான் உனக்குப் பழக்கவில்லை. நீயாகப் பழகினாய். எப்படி என்று எனக்குத் தெரியாது.

ரீச்சர் இதை வாசித்துவிட்டு, அந்தக் கம்பளம் தட்டுகிற கதையை மட்டும் எடுத்துவிடுவோமா ஆச்சி, மலர் எல்லாரும் வைத்துப் பார்க்கிற சாமான் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதை எடுத்தால் மிச்சம் இருக்கிறது உன்னைப் பற்றின கதை. அன்று டொக்டரிடம் மூன்று சொல் சொன்னேன், இரண்டு பிழை இல்லை. மூன்றாவதைத் திருத்துகிறேன். யா. ஸ்டொக். முத்தர். கடைசிச் சொல்லுக்குத் தாய் என்று அர்த்தம். ஆரணியின் தாய் இல்லை, உன் தாய்.

பிரம்புகளை நான் கொண்டுவந்த நாளிலிருந்து ஹீட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அது பிழையாம், சூட்டில் காய்ந்தால் நொறுங்கிப் போகுமாம், ஆரணி சொன்னாள். இப்போது ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, குசினி மூலையில் நிறுத்தியிருக்கிறேன். நார் பிரிந்த இடம் கொஞ்சம் அமர்ந்திருக்கிறது. நீ சுற்றின நாடாவைத் தொடவில்லை. அவளிடம் கொடுத்து அனுப்பலாம், கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்தவள் திரும்பக் கதவுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சோலோதுர்னுக்கு ரயில் எப்படி மாறுவதென்று கேட்டு வைத்திருக்கிறேன். புதிய வீட்டில் உங்களுக்கு எந்த நாள் சலவை நாள் என்று தெரியாது. மருமகளிடம் கேட்கவில்லை, பிள்ளையிடமும் கேட்கவில்லை. அதை நீ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பிரம்புக்கு மாதம் ஒருதரம் எண்ணெய் பூசுவேன்.

அம்மா